பயண வரலாற்று நூல்களைக் குறைந்த செலவில் படிக்கவும் கேட்கவும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறேன். மேலே ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரம் முழுக்கக் காதில் ஏதாவது ஒரு பழைய பயணியின் கதை ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர்கள் "என்ன கேட்கிறீங்க, எங்கே கிடைக்குது, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார்கள். ஆளுக்கு ஆள் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பயண வரலாற்று நூல் என்றால் எது?

இரண்டு வகை உண்டு. போனவரே எழுதியது ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடற்கரைக்கு வந்து முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, அடுத்த நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் அரண்மனை வரைக்கும் போய் வந்த இபன் பதூதா, காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிய சீனத்துறவி யுவான் சுவாங் இவர்களெல்லாம் அந்த வகை. அந்தப் பயணங்களைப் பற்றி இன்றைய ஆய்வாளர்கள் எழுதுவது இன்னொன்று. செலவைக் குறைக்க நினைப்பவருக்கு இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் படி. முதல் வகையில் பெரும்பகுதி இலவசம். இரண்டாம் வகைக்குத்தான் காசு தேவை.

இலவசம் என்றால் திருட்டுப் பிரதியா?

இல்லை. இந்தியச் சட்டப்படி ஒரு நூலுக்கு ஆசிரியரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. அது முடிந்தால் நூல் பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், படித்துப் பதிவு செய்யலாம், இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மூல ஆசிரியர் இறந்து எழுநூறு ஆண்டு ஆகியிருந்தாலும், மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. இபன் பதூதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பயணத்தின் சுருக்கத்தைச் சாமுவேல் லீ 1829இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அது பொதுவுடைமை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1929இல், கிப் என்ற அறிஞர் தேர்ந்தெடுத்த பகுதிகளை மொழிபெயர்த்தார். படிக்க அதுதான் சுகம். ஆனால் கிப் இறந்தது 1971இல். இந்தியக் கணக்கில் 2031 முடியும் வரை அந்த மொழிபெயர்ப்புக்கு உரிமை இருக்கிறது. அமெரிக்கக் கணக்கு வேறு. அங்கே பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் அமெரிக்கத் தளம் ஒன்றில் இலவசமாக இருப்பது இங்கே இன்னும் உரிமைக்குள் இருக்கலாம்.

ஆகவே விலையைப் பார்க்கும் முன்னே மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இலவசமானவற்றை எங்கே தேடுவது?

மின்நூலுக்குப் புராஜெக்ட் குட்டன்பர்க். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கியது. மார்க்கோ போலோவின் யூல் மொழிபெயர்ப்பு, இரண்டு பெரிய பாகங்கள், அடிக்குறிப்புகளோடு அங்கே இருக்கிறது. அந்த அடிக்குறிப்புகளே தனி நூல் போல விரியும். நிதானமாகப் படியுங்கள்.

ஒலிநூலுக்கு லிப்ரிவாக்ஸ். 2005இல் தொடங்கியது. உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பொதுவுடைமை நூல்களை வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். டார்வின் பீகிள் கப்பலில் போன பயணத்தை நான் அங்கேதான் கேட்டேன். கணக்கு தொடங்கத் தேவையில்லை, விளம்பரம் கிடையாது.

இரண்டிலும் இல்லாததை இன்டர்நெட் ஆர்கைவில் தேடலாம். பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். அச்சின் மை, நூலகத்தின் முத்திரை, யாரோ பென்சிலில் போட்ட கோடு எல்லாமே தெரியும்.

தமிழில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நம் ஊரோடு தொடர்புள்ளவர் எழுதியதே இருக்கிறது. சே.ப. நரசிம்மலு நாயுடு சேலத்தில் 'சேலம் தேசாபிமானி' என்ற பத்திரிகையை நடத்தியவர். பிறகு கோயம்புத்தூருக்குப் போய்ப் பெயர் பெற்றார். வட இந்தியாவுக்குப் போய்வந்த அனுபவத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழில் பெரிய நூலாக எழுதினார். தமிழின் தொடக்ககாலப் பயண நூல்களைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் தவறாமல் வரும். 1922இல் இறந்தார். ஆகவே உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. நம் ஊரில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேட வேண்டிய இடங்கள்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், எழுத்தாளர்களே உரிமையைத் திறந்துவிட்ட நூல்களைத் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். இதோடு நாட்டுடைமை என்ற வழியும் தமிழ்நாட்டில் உண்டு. எழுத்தாளரின் வாரிசுகளுக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்து நூல்களைப் பொதுவுக்குக் கொண்டுவருகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் நூல்களுக்கு 60 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பயண நூலுக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலில் ஆசிரியர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேலத்தைப் பற்றிப் பழைய பயணிகள் எழுதியிருக்கிறார்களா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

திப்பு சுல்தான் இறந்த மறு ஆண்டு, 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை ஆங்கிலேய அரசு மைசூர், கனரா, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுத அனுப்பியது. என்ன விளைகிறது, எப்படி நீர் பாய்ச்சுகிறார்கள், நெசவாளி எவ்வளவு சம்பாதிக்கிறார், இரும்பை எப்படி உருக்குகிறார்கள் என்று போகிற ஊரிலெல்லாம் கேட்டு எழுதினார். 1807இல் மூன்று பாகங்களாக வந்தது. இரண்டாம் பாகத்தில் அவர் மலைப்பாதை வழியாக இறங்கிக் காவேரிபுரம் வருகிறார். நம் மாவட்டத்தில் கொளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அதே காவேரிபுரம்தான். அங்கிருந்து பவானி, ஈரோடு என்று கொங்கு நாட்டுக்குள் போகிறார்.

போன மாசிமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதியைப் போனில் வைத்துக்கொண்டு காவேரிபுரம் கரையில் போய் நின்றேன். அவர் ஆறாகப் பார்த்தது இன்று மேட்டூர் நீர்த்தேக்கம். அணை முடிந்தது 1934இல். தண்ணீர் வற்றியிருந்த இடத்தில் மாடுகள் மேய்ந்தன. ஒரு பக்கத்தைப் படிப்பேன், தலையைத் தூக்கி எதிரே பார்ப்பேன். அப்படியே இரண்டு மணி நேரம் போனது. அதற்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்தான், நூலுக்கு ஒரு பைசா இல்லை.

இது தவிர லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டு சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு சேலம் கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) உண்டு. பயண நூல்கள் அல்ல. ஆனால் சேர்வராயன் மலைக்குக் காபி வந்த கதை, கலெக்டர் காக்பர்ன், பழைய பாதைகள் எல்லாவற்றுக்கும் அவற்றைத்தான் புரட்ட வேண்டும்.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்றையது போல இருக்காது. புக்கானன் ஊர்ப்பெயர்களை நடுவில் சிறு கோடு போட்டுப் பிரித்து எழுதுவார். இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் 'இல்லை' என்று வரும். உடனே விட்டுவிடாதீர்கள். பாதிப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

30 ரூபாய்க்கு, 50 ரூபாய்க்கு மின்நூல் விற்கிறார்களே, வாங்கலாமா?

மாதிரிப் பக்கங்களைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டுப் பயண நூல் ஒன்று, அழகான அட்டை, 49 ரூபாய். மலிவு என்று வாங்கினேன். உள்ளே போனால் ஸ்கேன் செய்த பக்கங்களைக் கணினி தானாக எழுத்தாக மாற்றியதை அப்படியே போட்டிருந்தார்கள். பத்திக்கு நடுவே பக்க எண், அதன்மேல் பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு வந்து வாக்கியத்தின் வயிற்றில் நுழைந்திருந்தது. படங்கள் இல்லை. வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி கோணல்மாணல் குறிகள். அதே நூல் இலவசத் தளம் ஒன்றில், மனிதர்கள் வரிவரியாகத் திருத்திய பிரதியாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாதிரியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பொருளடக்கத்தைத் தொட்டால் அந்த அத்தியாயத்துக்குப் போகிறதா, அடிக்குறிப்பு எங்கே நிற்கிறது, வரைபடம் இருக்கிறதா. பயண நூலில் வரைபடம் இல்லாவிட்டால் பாதி நூல் போனது போலத்தான். மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத பிரதியைத் தொடவே வேண்டாம்.

மின்நூல், ஒலிநூல் இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் பணம் கட்டத்தான் வேண்டுமா?

பழைய நூல் என்றால் இரண்டையும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம், குட்டன்பர்க்கில் எழுத்து, லிப்ரிவாக்ஸில் ஒலி. ஒலிப்பதிவின் பக்கத்திலேயே எந்தப் பிரதியை வைத்து வாசித்தார்கள் என்ற இணைப்பு பெரும்பாலும் இருக்கும். அதையே இறக்குங்கள். வேறு மொழிபெயர்ப்பை எடுத்தால் காதும் கண்ணும் ஒத்துப்போகாது.

புதிய நூல் என்றால் முதலில் மின்நூல் விலையைப் பாருங்கள். மின்நூல் வாங்கியவருக்கு ஒலிநூலைக் குறைந்த விலையில் சேர்த்துத் தரும் வசதி சில கடைகளில் சில நூல்களுக்கு உண்டு. அப்படி இருந்தால் இரண்டும் சேர்ந்த விலை, ஒலிநூலைத் தனியாக வாங்குவதைவிடக் குறைவாகக்கூட வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படி வசதி இல்லையென்றால் என் வழக்கம் இது: ஊர்ப்பெயரும் வரைபடமும் நிறைந்த நூலை எழுத்தாக வாங்குவேன். ஒரே ஆளின் கதையாக ஓடும் நூலை ஒலியாக வாங்குவேன்.

ஒலிநூல் விலை நியாயமா என்று எப்படிக் கணக்கிடுவது?

மணிக்கணக்கில் பாருங்கள். ஆங்கில ஒலிநூலில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 9,000 சொற்கள் போகும். ஒரு லட்சம் சொல் நூல் 11 மணி நேரம். அதை 330 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 30 ரூபாய். என் பேருந்துக் கணக்கில் ஒரு வார வேலை நாள் முழுக்க வரும். அதே தலைப்பு 99 ரூபாய்க்கு வேறு இடத்தில் கிடைத்து, நேரம் 3 மணி என்று போட்டிருந்தால் அது சுருக்கப் பதிப்பு. மலிவு மாதிரி தெரியும், கணக்குப் போட்டால் மணிக்கு 33 ரூபாய், நூலிலும் முக்கால் பங்கு இல்லை.

மாதச் சந்தா நல்லதா, தனித்தனியாக வாங்குவது நல்லதா?

மாதம் இரண்டு நூலாவது முடிப்பவருக்குச் சந்தா. மற்றவர்களுக்குத் தனியாக வாங்குவது. சந்தாவில் கேட்பது வாடகை வீடு போல. நிறுத்தினால் நூலும் போய்விடும். பணம் கொடுத்தோ கிரெடிட் (சில சந்தாக்களில் நூல் வாங்கத் தரும் புள்ளி) கொடுத்தோ வாங்கியது பொதுவாக உங்கள் கணக்கில் நிற்கும்.

'30 நாள் இலவசம்' என்று வருவதில் கவனம் வேண்டும். எங்கள் வீட்டில் தங்கை ஒரு செயலியில் அப்படிச் சேர்ந்தாள். ஒரு நூல் கேட்டாள், செயலியைப் போனிலிருந்து அழித்தாள். அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தாள். நான்கு மாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது. செயலியை அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதி இருக்கும். அங்கே போய் அனுமதியை நீக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுகிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. சேர்ந்த அன்றைக்கே நாட்காட்டியில் 27ஆம் நாளைக் குறித்து வையுங்கள்.

வாசிப்பவர் குரல் பிடிக்காவிட்டால்?

வாங்கும் முன்பே மாதிரியைக் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் சில நிமிடம் தருவார்கள். நம் ஊர்ப்பெயர் வரும் இடமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. 'திருச்சிராப்பள்ளி'யைத் தட்டுத்தடுமாறி வாசிப்பவரோடு 15 மணி நேரம் பயணம் போக முடியாது. லிப்ரிவாக்ஸில் ஒரே நூலைப் பலர் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வாசித்திருப்பார்கள். ஒரே குரல் வேண்டுமென்றால் தனி வாசிப்பு என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்காடு போகும் வழியில் சிக்னல் இல்லையே?

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பாதி இடத்தில் இணையம் வராது. ஆகவே வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு 29 எம்பி போதும். 10 மணி நேர நூல் 290 எம்பி. 128 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. பேச்சுக்கு 64 தாராளம். பேருந்து இரைச்சலில் வித்தியாசமே தெரியாது. வாங்கிய செயலியில் 'டவுன்லோட்' அடையாளம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தமிழ் மின்நூலைப் போனே வாசித்துக் காட்டுமா?

காட்டும். ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது. இபப் (எழுத்தாகவே இருக்கும் மின்நூல் வடிவம்) கோப்பாக இருந்தால் நன்றாகவே போகும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் போனுக்கு அது வெறும் படம், வாசிக்காது. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸ் கோப்பாகத் திறந்தால் எழுத்தாக மாறும். மாறியதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 18ஆம் நூற்றாண்டு அச்சில் 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போல நீண்டிருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே எடுத்துக்கொள்ளும். கடல் என்று வர வேண்டிய 'ஸீ' எல்லாம் 'ஃபீ' என்று கேட்கும். கேட்பதற்கு 1820க்குப் பிறகு அச்சான பதிப்பாகத் தேடி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. அவருக்கும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இதைத் தயவுசெய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை வேறு வடிவத்தில் மாற்றித் தர இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். இதற்கான உலக ஒப்பந்தம் 2013இல் மராகேஷ் நகரத்தில் உருவானது. முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. அந்த அடிப்படையில் 2016இல் வந்ததுதான் சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம். பார்வைக் குறைபாட்டுக்கான சான்றைக் காட்டி உறுப்பினராகலாம். உரிமைக்குள் இருக்கும் புதிய நூல்களும் அங்கே கிடைக்கும்.

டெலிகிராமில் எல்லா நூலும் பிடிஎஃப் ஆக வருகிறதே?

எடுக்காதீர்கள். தமிழில் பயண நூல் எழுதுபவர் சொந்தக் காசைப் போட்டுப் போய்வந்து எழுதுகிறார். சில நூறு பிரதி விற்றால் அதிகம். அதையும் நாம் பறித்தால் அடுத்த நூல் வராது. பொதுவுடைமையில் ஓர் ஆயுளுக்குப் போதுமான நூல் கிடக்கிறது. மிச்சப்படும் காசை உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கலாம்.

தள்ளுபடி எப்போது வரும்?

விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள். பண்டிகைக் காலத்திலும் ஆண்டுக் கடைசியிலும் மின்நூல் விலை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடித்துக் காட்டிய பழைய விலையை நம்பாமல், இரண்டு கடையில் இன்றைய விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

அச்சுப் புத்தகமே மலிவாக வந்தால்?

வாங்கிவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, மின்நூலுக்கு உண்டு. சேலம் புத்தகத் திருவிழாவில் வழக்கமான 10 சதவீதக் கழிவும் கிடைக்கும். அதற்கும் முன்னால் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு எட்டு போய்க் கேளுங்கள். உறுப்பினர் கட்டணம் மிகக் குறைவு. பயண நூல் அலமாரியில் பல நூல்கள் யாரும் தொடாமல் புதிதாகவே இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்கட்டும்?

ஆங்கிலம் படிப்பவர் என்றால் புக்கானன் இரண்டாம் பாகம், காவேரிபுரத்தில் இறங்கும் அத்தியாயம். இன்டர்நெட் ஆர்கைவில் இறக்கிக்கொண்டு, மேட்டூர் போய் அங்கிருந்து கொளத்தூர் பக்கம் போகும் பேருந்தில் ஏறுங்கள். தமிழில் என்றால் நரசிம்மலு நாயுடுவைத் தமிழ் மின்நூலகத்தில் தேடுங்கள். பழைய நடை, முதல் பத்துப் பக்கம் மெதுவாகப் போகும். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.